நான்கு படம், ஒரு கைக்கடிகாரம்

2024 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.10க்கு டீ, 5.30க்குக் குளியல். 6.15க்கு அரூர் பேருந்து நிலையத்தில் என் அறையைத் திறந்து, பதிவேட்டில் தேதி போட்டு, முதல் வரியில் சேலம் வண்டியை எழுதினேன். 6.25க்குப் புறப்பட வேண்டிய வண்டி 6.31க்குப் புறப்பட்டது. தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் 'ஓட்டுநர் போண்டா சாப்பிட்டார்' என்று எழுதினேன்.

ஓட்டுநர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "என்ன சார், போண்டாவெல்லாம் எழுதுவீங்களா?"

"சாப்பிட்டீங்க இல்ல?"

"ரெண்டுதான் சார் சாப்பிட்டேன்."

'இரண்டு' என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

இந்த நிலையத்தில் இருபத்தாறு வருடமாக டைம் கீப்பர். வண்டி உள்ளே வரும் நேரம், வெளியே போகும் நேரம், இரண்டுக்கும் நடுவில் நடந்த அநியாயம், இவ்வளவும் என் பொறுப்பு. ஒரு வண்டி வந்துபோனதை நாங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடக்கூடாது. 'பார்வையில் படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்தோடு அந்த இரண்டு சொல் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. சந்தேகமிருப்பவர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்கலாம். கரையான் விட்டுவைத்த வரை எல்லாம் இருக்கிறது.

பகல் இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் பெங்களூர் கிளம்ப வேண்டும். என் மகள் அமலி பட்டப்படிப்பு முடித்துவிட்டு அங்கே ஒரு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். படிக்கிறாள் என்பது அவள் சொல்வது. என் மனைவி ஜெயமேரி சொல்வது, "படம் பாக்குறா." சனி, ஞாயிறுகளில் கூப்பிட்டால் எடுக்கமாட்டாள். 'தியேட்டர்ல இருக்கேன்' என்று செய்தி வரும். மூன்று மணி நேரம் பொறுத்துக் கூப்பிட்டால் இன்னொரு தியேட்டரில் இருப்பாள். எங்கள் காலத்தில் கல்லூரிக்குப் போகாமல் செய்த காரியத்தை இப்போது கல்லூரியே பாடமாக வைத்திருக்கிறது.

போன வாரம் நிறுவனத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அதன் சாரம்: உங்கள் மகளின் வார இறுதிப் பார்வைக் குறிப்பேடு மூன்று முறை முழுமையடையாமல் திருப்பி அனுப்பப்பட்டது, ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குள் முழுமையாக வராவிட்டால் அவர் இந்த ஆண்டைத் தொடர முடியாது, பெற்றோரில் ஒருவர் அன்று நேரில் வரவும். படம் பார்ப்பதிலும் ஒரு பிள்ளை ஃபெயிலாக முடியும் என்பது எங்களுக்குப் புதுச் செய்தி.

பகல் வீட்டுக்குப் போனபோது ஜெயமேரி பையில் தட்டுவடையும் வறுத்த கடலைக்காயும் வைத்துக்கொண்டே பேசினாள். "கோவில்ல எல்லாரும் கேக்குறாங்க, உங்க பொண்ணு எந்தப் படத்துல வருதுன்னு. நான் என்னான்னு சொல்லட்டும்?"

"படத்துல வரல, படத்துக்குப் போறான்னு சொல்லு."

"நக்கல் பண்ணுங்க. தருமபுரில பி.எட். சீட்டு செவ்வாக்கிழமை வரைக்கும்தான் வெச்சிருப்பாங்களாம். ரெண்டு நாள் இருந்து அவ என்ன பண்றான்னு கண்ணால பாருங்க. திங்கக்கிழமை சர்ட்டிபிகேட்டெல்லாம் திருப்பி வாங்கிகிட்டு, பொண்ணக் கூட்டிகிட்டு வூடு வந்து சேருங்க."

அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தரும்படி ஒரு மனுவை, தாலுகா ஆபீஸ் எதிரே தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டு வைத்திருந்தேன். ஒரே பக்கம், கசங்காமல், பிளாஸ்டிக் உறைக்குள்.

மாநில எல்லையில் வண்டி நின்றது. நின்றது என்றால், பயணிகள் இறங்கி இளநீர் குடித்துவிட்டு, விலை பேசியது சரியில்லை என்று சண்டை போட்டுவிட்டு, திரும்பி வந்து உட்காரும் அளவுக்கு நின்றது. பின் இருக்கையில் ஒருவர் கன்னடத்தில், "இதோ வந்துட்டேன், இன்னும் பத்தே நிமிடம்" என்று நான்கு முறை போனில் சொன்னார். நான்கு முறைக்கும் நடுவில் ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"சார், இதையும் எழுதுவீங்களா?"

"இது என் ஸ்டாண்டு இல்லீங்க. நிம்மதியா ஓட்டுங்க."

"எங்க சார் ஓட்டறது?"

அமலி பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தாள். "ஒன்னே முக்கா மணி நேரம் லேட்டுப்பா."

"ஒரு மணி நாப்பத்திரண்டு நிமிஷம்."

பக்கத்து ஓட்டலில் உட்கார்ந்தோம். வீட்டில் நான் சாப்பிடும் அதே ராகிக் களியை இங்கே முத்தே என்று பெயர் மாற்றி, கிரிக்கெட் பந்து போல உருட்டி, வாழை இலைத் துண்டின்மேல் உட்கார வைத்திருந்தார்கள். பெயர் மாறியதால் ருசி கூடவில்லை. சாம்பாரில் வெல்லம் இருந்தது. பாயசத்தில் போட மறந்ததை இங்கே சரிக்கட்டியிருப்பார்கள்.

குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கட்டம். இடது பக்கம், படத்தின் கடைசி அரை மணி நேரத்தில் ஒவ்வொரு ஷாட்டும் எத்தனை நொடி என்று எழுத வேண்டும். ஷாட் என்றால் கேமரா ஒரு இடத்தில் பார்க்க ஆரம்பித்து, வெட்டுப்பட்டு வேறு இடத்துக்குத் தாவும் வரை. வலது பக்கம், என்ன பார்த்தாய் என்பது. இருவர் சேர்ந்து செய்யும் பயிற்சி. ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார், ஒருவர் படத்தைப் பார்ப்பார். அமலியின் ஜோடியாக இருந்த ஹூப்ளிப் பெண் ஜூன் மாதமே கல்யாணம் என்று ஊருக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து இரண்டு கட்டமும் இவள் தலையில்.

வலது கட்டம் ஓரம்வரை நிரம்பியிருந்தது. ஓரிடத்தில், 'கதவு மூடும்போது சத்தம் வரவில்லை. பயம் அங்கேதான் ஆரம்பித்தது' என்று இருந்தது. இடது கட்டத்தில் ஒன்று, ஆறு நொடி. இரண்டு, நான்கு நொடி. மூன்று, பதினோரு நொடி. அதற்குக் கீழே வெள்ளைத் தாள். எல்லாப் படத்துக்கும் இதே கதி.

"மூணோட நிறுத்திட்டியே."

"அப்புறம் படம் பாக்க ஆரம்பிச்சிட்டேம்பா."

நான் மனுவை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒளித்துவைத்துப் பேசுவது என் பழக்கமில்லை. அவள் முழுக்கப் படித்தாள். பிறகு உறையின்மேல் விழுந்திருந்த ஒரு சொட்டு சாம்பாரைத் துடைத்தாள்.

"பழசுக்குப் பதிலா திங்கக்கிழமைக்குள்ள புதுசா நாலு படம் முழுசா எழுதிக் குடுத்தா போதும். நோட்டு முழுசா முடிஞ்சா இத உள்ளயே வெச்சிருப்பீங்களா?"

"முடிஞ்சா வெச்சிருப்பேன்."

"முடியலன்னா?"

"செவ்வாக்கிழமை தருமபுரி."

"சரிப்பா" என்றாள்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் காலியாக இருக்கும் கட்டம் என் கண்ணை உறுத்தும். குறிப்பேட்டின் பின் அட்டையில் பதினோரு விதிகள் அச்சிட்டிருந்தார்கள். ஜோடி சேர்பவர் மாணவராகத்தான் இருக்க வேண்டும் என்று பதினொன்றில் ஒன்றும் சொல்லவில்லை.

"இடது பக்கத்த நான் பாத்துக்கறேன்" என்றேன். "நீ தோத்தா உன் கட்டத்துல தோக்கணும். ஜோடி இல்லாமத் தோத்தேன்னு சொல்லக்கூடாது."

சனிக்கிழமை காலை மெட்ரோவில் போனோம். பலகையில் இரண்டு நிமிடம் என்று போட்டிருந்தது, இரண்டு நிமிடத்தில் வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லாத வாகனத்தில் எனக்குப் பொழுது போகவில்லை.

முதல் படம் ஒரு பெரிய வணிக வளாகத்தின் நான்காவது மாடியில். வாசலில் பையைச் சோதித்த பெண் தட்டுவடைப் பொட்டலத்தைப் பார்க்கத் தவறி, கடலைக்காயைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இது உள்ளே கூடாது" என்றார் கன்னடத்தில்.

"கடலைதானம்மா, வெடிக்காது" என்றேன்.

"உள்ளே பாப்கார்ன் இருக்கிறது."

கடலைக்காய் ஆபத்தானது, சோளம் பாதுகாப்பானது. அரூர் தாலுகா முழுக்க இத்தனை காலம் இந்த ஆபத்தைப் பயிர் செய்துகொண்டிருக்கிறோம்.

10.15 காட்சி 10.32க்குத் தொடங்கியது. இடைப்பட்ட பதினேழு நிமிடம் விளம்பரம். அடிதடிப் படம். கடைசி அரை மணி நேரம் வந்ததும் கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறமாகத் திருப்பிக் கட்டிக்கொண்டேன். ரேடியம் முள். மின்வெட்டில் பதிவேடு எழுதிப் பழகிய கை என்பதால் இருட்டு ஒரு பொருட்டில்லை. இரண்டு, ஒன்று, ஒன்று, மூன்று, ஒன்று என்று எழுதிக்கொண்டே போனேன். மொத்தம் 731 ஷாட். கதாநாயகன் யாரை எதற்காக அடித்தான் என்று யாராவது கேட்டால், 731 என்றுதான் சொல்ல முடியும்.

அமலி பட்டியலை வாங்கி விரலால் வரிசை வரிசையாகத் தடவினாள். "ஒன்னுகூட வுடல."

"இதுல என்ன கஷ்டம்?"

"ஒங்களுக்குப் படம் புடிச்சிருந்துதாப்பா?"

"அது வலது பக்கம். என் வேல இல்ல."

மாலைப் படத்துக்கு நகரப் பேருந்தில் போகலாம் என்று யோசனை சொன்னது நான்தான். நிறுத்தத்தில் மின்பலகை, 'அடுத்த வண்டி 3 நிமிடம்' என்றது. மூன்று நிமிடம் கழித்தும் '3 நிமிடம்'. இருபத்தாறு நிமிடம் வரை அந்த மூன்றிலிருந்து அது இறங்கவில்லை. பலகையை எழுதுகிறவர் எந்த ஊர்க்காரர் என்று விசாரித்தேன். யாரும் எழுதுவதில்லை, தானாகவே காட்டும் என்றார் பக்கத்தில் நின்றவர். மனிதன் பொய் எழுதினால் விளக்கம் கேட்கலாம். தானாகவே பொய் சொல்லும் பலகையிடம் யார் கேட்பது?

கடைசியில் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம். அது ஒரு திரைப்படச் சங்கத்தின் அரங்கம். ஏதோ பனி பெய்யும் நாட்டுப் படம், கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. சரியாக ஒரு மணி நேரம் ஆனதும் இடைவேளை என்று எழுந்தேன். வேறு யாரும் எழவில்லை. பதினோரு ஜோடிக் கால்களைத் தாண்டி வெளியே வந்தபோதுதான் இந்தச் சங்கத்தில் இடைவேளை என்ற வழக்கமே கிடையாது என்று தெரிந்தது. டீயும் கிடையாது. கதவருகே நின்ற பெரியவர் திரும்ப உள்ளே விடமாட்டேன் என்றார்.

"நானும் நேரம் பாக்குற உத்தியோகம்தாங்க" என்றேன் எனக்குத் தெரிந்த கன்னடத்தில்.

"அப்படியானால் நேரத்துக்கு உள்ளே இருந்திருக்க வேண்டும்" என்றார். நல்ல பதில். எங்கள் நிலையத்தில் அவருக்கு உடனே வேலை கொடுக்கலாம். ஒன்பது நிமிடம் நிற்கவைத்துவிட்டு உள்ளே விட்டார். கடைசி அரை மணி நேரம் தப்பியது. 118 ஷாட்.

ஞாயிறு காலை 6.30 திருப்பலி. பிரசங்கம் இருபத்திரண்டு நிமிடம், ஒரே ஷாட். தட்டு இட்லி சாப்பிட்டோம். தட்டு என்ற பெயர் மிகையல்ல.

மூன்றாவது படம் பழைய தியேட்டர் ஒன்றில் கன்னடக் குடும்பப் படம். மின்விசிறிகள் கதாநாயகியைவிட அதிகமாகப் பேசின. நடுவில் படம் நின்றுபோய், ஒன்பது நிமிடம் விசில் மட்டும் ஓடியது. அந்த ஒன்பதைக் கணக்கில் கழித்துவிட்டேன். 402 ஷாட். எழுதும்போது ஒரு முறை பக்கத்தில் திரும்பினேன். அமலி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் பேனா மட்டும் தாளில் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. கன்னத்தில் கண்ணீர் இறங்கி நின்றது, துடைக்கவில்லை. அப்படித் திரும்பியதில் எனக்கு ஒரு ஷாட் தவறப் பார்த்தது. உடனே கடிகாரத்துக்குத் திரும்பிவிட்டேன்.

வெளியே வந்ததும் ஜெயமேரி கூப்பிட்டாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"தியேட்டர் வாசல்ல."

"கூப்பிட்டா எடுக்க மாட்டீங்களா?"

"உள்ள இருந்தேன். சாயங்காலம் இன்னொன்னு இருக்கு."

"உங்களயும் கெடுத்துட்டாளா?" என்றாள்.

நான்காவது படம் ஞாயிறு 4.30க்கு, அதே சங்க அரங்கத்தில். ஒரே ஒரு காட்சி, அதோடு படம் வேறு ஊருக்குப் போய்விடும். இந்த முறை கதவுக்காரரே எனக்கு வணக்கம் சொன்னார். பக்கத்து இருக்கையில் ஓய்வுபெற்றவர் போல ஒருவர். "படம் மெதுவாகப் போகும். தூங்கிவிட்டால் குறட்டை விடாதீர்கள்" என்று கன்னடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். நேற்று பிழைத்த தட்டுவடையில் ஒன்றைக் கொடுத்தேன். சத்தம் வராமல் சப்பிச் சாப்பிட்டார்.

கதை இவ்வளவுதான். ஒரு கிழவனும் கிழவியும் வீடு மாற்றுகிறார்கள். சாமான்களை ஒரு கைவண்டியில் ஏற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. கிழவி மட்டும் எதையாவது மறந்துவிட்டு மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். முதலில் கரண்டி. பிறகு சுவரில் மாட்டியிருந்த ஒரு படம். ஒவ்வொரு முறையும் கிழவன் முனகிக்கொண்டே தெருவில் காத்திருக்கிறான். 5.38க்குக் கடைசி அரை மணி நேரம் தொடங்கியது. ஒன்று, நாற்பது நொடி. இரண்டு, அறுபத்தாறு. இப்படி ஐந்து வரை எழுதினேன். ஐந்தின் முடிவில், உப்பு ஜாடியை எடுத்து வருகிறேன் என்று கிழவி போனாள். கிழவன் வண்டியின் கைப்பிடிக் கட்டையில் உட்கார்ந்தான். 5.43. 'ஆறு' என்று எழுதினேன்.

பிறகு விளக்கு எரிந்தது. கடிகாரத்தில் 6.08.

தூங்கவில்லை. பக்கத்து ஆள்தான் சாட்சி, குறட்டை இல்லை. என் கையில் பேனா இருந்தது, அதன் முனை தாளில் ஒரே இடத்தில் நின்று மை ஊறி வட்டமாகியிருந்தது. ஆறுக்கு நேரே நொடி இல்லை. ஏழு, எட்டு உண்டா, அதுவும் தெரியாது.

வாசலில் அமலி பட்டியலை வாங்கினாள். "எத்தனப்பா?"

"ஆறு."

"ஆறாவது எத்தன நொடி?"

இந்த வயதில் ஒரு எண் இல்லாமல் நிற்பது என்னவோ போல இருந்தது. "பாக்கல" என்றேன்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பட்டியலைத் தன் குறிப்பேட்டுக்குள் வைத்து மூடி என்னிடமே கொடுத்தாள். ஆட்டோ நிற்கும் இடம் வரை நடந்தோம். பிறகு, "அந்தம்மா வரலப்பா" என்றாள். "தெருவுல நெழலே திரும்பிடுச்சு. அவங்க வரமாட்டாங்க."

"வருவாங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவரு ஒரு செருப்பத்தான் கழட்டுனாரு. இன்னொரு செருப்பு காலுலயேதான் இருந்துது. அந்தம்மா வரமாட்டாங்கன்னு தெரிஞ்சா ரெண்டையும் கழட்டிட்டு உக்காந்திருப்பாரு."

அமலி நின்றுவிட்டாள். "நான் அதப் பாக்கலப்பா" என்றாள். "அத எழுதுங்க."

"அது வலது பக்கம்."

அவள் சிரித்தாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. "நாளைக்கு ஒம்போதரைக்கு ஆபீஸ் வாசல்ல நிக்கறேன். பொட்டியக் கட்டி வெச்சிடறேன். அம்மாகிட்ட நீங்க எதுவும் சொல்ல வேணாம், நானே சொல்லிக்கறேன்."

"எதுக்குப் பொட்டி?"

"நோட்டு முடியலியேப்பா. சொன்னா சொன்னதுதான்."

இவளை யார் இப்படி வளர்த்தது என்று திட்டுவதற்கு ஆள் தேடினேன். ஆட்டோ கிளம்பிவிட்டது. 6.52.

ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. லாட்ஜ் அறையில் 4.50க்கு எழுந்தேன். டீக்கு முன்பு, பல் விளக்குவதற்கும் முன்பு, மேசையில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தேன். ஆறுக்கு நேரே 'பார்வையில் படவில்லை' என்று எழுதப் பேனாவை வைத்தேன். அது பொய் என்பதால் எழுத முடியவில்லை. 'பார்வையில் பட்டது. நேரம் குறிக்கப்படவில்லை. தவறு என்னுடையது, மாணவியுடையது அல்ல' என்று எழுதி, கையெழுத்து, பதவி, தேதி, நேரம் எல்லாம் போட்டேன். ஒன்பதரைக்கு வாத்தியார் விளக்கம் கேட்டால் என்னிடம் கேட்கட்டும்.

செருப்பு விஷயம் மிச்சமிருந்தது. நாய் வந்து வண்டிச் சக்கரத்தை மோந்து பார்த்துவிட்டுப் போனது, கயிறு ஒரு முறை தளர்ந்தது, அதைக் கிழவன் எழுந்து கட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தது, இவையும் இருந்தன. வலது கட்டத்தில் அமலி ஏற்கெனவே எழுதியிருந்தாள், இடமில்லை. அறையில் வேறு தாள் இல்லை. பையிலிருந்து மனுவை உறை நீக்கி எடுத்துத் திருப்பிப் போட்டேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மேலிருந்து கீழ்வரை, ஓரம் விடாமல் எழுதினேன்.

பின்பக்கம் எழுதிய மனுவை எந்த அலுவலகத்திலும் வாங்கமாட்டார்கள். இருபத்தாறு வருடம் அரசு வேலை பார்த்தவனுக்கு அது தெரியும்.